கரடுமுரடு நிலத்தில் பாய்ந்தோடும் பிக்கப்: விலையும் பொறியியலும் பற்றிக் காரைக்குடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் வண்டிகளின் அடிப்பாக வேலையை மட்டும் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். பட்டா (பாரம் தாங்கும் அடுக்கு இரும்புத் தகடுகள், அதாவது லீஃப் ஸ்பிரிங்) அடிப்பது, ஷாக் அப்சார்பர் மாற்றுவது, புஷ் (இணைப்புகளில் வரும் ரப்பர் வளையம்) போடுவது, ஆக்சில் பார்ப்பது ஆகியவையே என் தொழில். மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா என்று வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும், இங்கேயே தோப்பும் வயலும் வைத்திருப்பவர்களும், அதிவேக ஆஃப் ரோடு பிக்கப்புகளைப் பற்றி ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே எழுதியிருக்கிறேன்.

"பிக்கப்னா லோடு வண்டிதானேண்ணே? அதுக்கு எதுக்கு இம்புட்டு விலை?"

பிக்கப்புகளில் மூன்று வகை உண்டு. முதல் வகை, சந்தைக்குக் காய்கறியும் கடைக்குச் சிமெண்டும் ஏற்றிச் செல்லும் லோடு வண்டி. இரண்டாவது, ஐந்து பேர் அமரும் கேபினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை. மூன்றாவது வகையைத்தான் இந்தக் கேள்விகள் சுற்றிவருகின்றன. பாதையே இல்லாத நிலத்தில், மெதுவாகத் தவழ்ந்து போகாமல், நெடுஞ்சாலையில் போவது போன்ற வேகத்தில் ஓடுவதற்கென்றே கட்டப்பட்டவை அவை.

அமெரிக்காவில் 2010 மாடலாக வந்த ஃபோர்டு எஃப்-150 ராப்டர்தான் தொழிற்சாலையிலிருந்தே இப்படி இறங்கிய வண்டிகளுக்கு வழிகாட்டி. மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயங்களில் ஓடும் வண்டிகளின் சஸ்பென்ஷன் அறிவை, கடையில் வாங்கக்கூடிய வண்டிக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு 2018இல் அதன் தம்பியாக ரேஞ்சர் ராப்டரும், 2021 மாடலாக ராம் நிறுவனத்தின் 1500 டிஆர்எக்ஸும் வந்தன. இவற்றின் விலையில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது வண்டிக்குக் கீழே போடப்பட்டிருக்கிறது.

"என்ஜின் பெருசா, குதிரைத்திறன் கூடுதலா இருந்தா போதாதா?"

எண்களைப் பார்த்தால் மயக்கம் வருவது இயல்பு. 2021 டிஆர்எக்ஸில் சூப்பர்சார்ஜர் பூட்டிய 6.2 லிட்டர் வி8 என்ஜின் 702 குதிரைத்திறன் தந்தது. 2023இல் வந்த எஃப்-150 ராப்டர் ஆர், 5.2 லிட்டரில் 700 தந்தது. 2022இல் வந்த இரண்டாம் தலைமுறை ரேஞ்சர் ராப்டரில் 3.0 லிட்டர் இரட்டை டர்போ பெட்ரோல் என்ஜின். ஆஸ்திரேலியாவில் விற்கும் வடிவத்தில் ஏறத்தாழ 397 குதிரைத்திறனும் 583 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்குவிசை) உண்டு. நம் ஊரில் ஓடும் வி-கிராஸின் 1.9 லிட்டர் டீசல் 163தான்.

ஆனால் கரடுமுரடான தரையில் வண்டியின் வேகத்தை முடிவு செய்வது என்ஜின் கிடையாது. சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால் 700 குதிரைத்திறனும் காற்றில்தான் சுழலும். ஒவ்வொரு குழியிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது பிறக்கும் ஆற்றலை ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் வெப்பமாக மாற்றிக்கொள்கிறது. குழி தொடர்ந்து வந்தால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெய் நீர்த்துப்போகும், அதில் காற்றும் கலந்துவிட்டால் நுரைத்து, தடுக்கும் வலுவையே இழந்துவிடும். இதை நான் நேரடியாகப் பார்த்திருக்கிறேன். மலிவு விலையில் கிடைத்த ஷாக் அப்சார்பர்களை என் சொந்தப் பிக்கப்பில் மாட்டிக்கொண்டு, அலையலையாக அரித்துப்போயிருந்த ஒரு கண்மாய்க்கரைச் செம்மண் பாதையில் பத்து கிலோமீட்டர் போல வேகமாக ஓட்டினேன். பாதிக்கு மேல் வண்டி படகைப் போல ஆடத் தொடங்கியது. நிறுத்தி, கீழே குனிந்து புறங்கையால் தொட்டபோது சுரீரென்று சுட்டது. தண்டின் ஓரம் கசிந்த எண்ணெயில் செம்மண் ஒட்டி, குழைத்த மருதாணி போல வழிந்துகொண்டிருந்தது. நான்கில் இரண்டு அன்றே போயின.

"அந்த ராப்டர் ஷாக் அப்சார்பரில அப்படி என்னதான் இருக்கு?"

நான் மேலே சொன்ன வெப்பத்துக்கான விடை அதில் இருக்கிறது. ராப்டர்களில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பருமனான ஷாக் அப்சார்பர்கள் வருகின்றன. ரேஞ்சர் ராப்டரில் அவற்றின் அளவு 2.5 அங்குலம். குழாய் பருமனானால் எண்ணெயும் கூடுதல், வெப்பத்தைத் தாங்கும் திறனும் கூடுதல். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு உருளையில் அழுத்தமேற்றிய நைட்ரஜன் எண்ணெயோடு கலக்காதபடி பிரித்து அடைக்கப்பட்டிருப்பதால் நுரை எழுவது குறைகிறது.

உள்ளே இன்னொரு நுட்பம் உண்டு. பிஸ்டன் நடுப்பகுதியில் இருக்கும்போது எண்ணெய் சுற்றுவழிகளிலும் பாயும்; அதனால் சிறு மேடுபள்ளங்களில் வண்டி மெத்தென்று போகும். பிஸ்டன் கடைசி எல்லையை நெருங்க நெருங்க அந்தச் சுற்றுவழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு, தடுப்பு கடினமாகிக்கொண்டே போகும். வரப்பிலிருந்து குதித்து இறங்கினாலும் 'டங்' என்று அடி விழாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். புதிய தலைமுறையில் உணரிகள் தரையின் நிலையைப் படித்து, மின்வால்வு மூலம் இந்தக் கடினத்தை ஓட்டத்திலேயே மாற்றுகின்றன.

இதோடு சக்கரம் மேலும் கீழும் பயணிக்கும் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 எஃப்-150 ராப்டரில் 35 அங்குல டயரோடு முன்சக்கரம் 14 அங்குலமும் பின்சக்கரம் 15 அங்குலமும் ஏறி இறங்கும். பின்சக்கரத்தின் தூரம் சென்டிமீட்டர் கணக்கில் 38. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு தூரத்துக்கு ஆக்சில் தண்டும், பிரேக் குழாயும், ஸ்டீயரிங் இணைப்புகளும் ஒன்றோடொன்று இடிக்காமல் நகர வேண்டும். விலை ஏறும் இடம் இதுவே. ஒரு பாகத்தை மாற்றினால் அதைச் சுற்றியுள்ள பத்துப் பாகங்களையும் மறுபடி வடிவமைக்க நேர்கிறது.

"பின்னாடி பட்டா நல்லதா, காயில் ஸ்பிரிங் நல்லதா?"

எதற்கு என்பதைப் பொறுத்தது. பட்டா ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. பாரத்தையும் தாங்கி, ஆக்சிலையும் அதன் இடத்தில் பிடித்து வைக்கிறது. எளிது, உறுதியானது, ஒரு தகடு ஒடிந்தால் காரைக்குடியிலேயே அன்றைக்கே மாற்றிவிடலாம். ஆனால் தகடுகள் ஒன்றையொன்று உரசுவதால் சிறு அதிர்வுகளை அப்படியே மேலே அனுப்பும். முழு விசையோடு கிளப்பும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு, பின்சக்கரம் தத்தித் தத்தி அடிக்கும்.

சுருள் வில்லான காயில் ஸ்பிரிங் பாரத்தை மட்டும் தாங்கும். ஆக்சிலைப் பிடிக்கத் தனிக் கைகள் (இணைப்புத் தண்டுகள்) வேண்டும். ரேஞ்சர் ராப்டரில் அந்தக் கைகளோடு, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் வாட் இணைப்பு என்னும் அமைப்பும் இருக்கிறது. எஃப்-150 ராப்டர் முதல் இரண்டு தலைமுறைகளிலும் பட்டாவில்தான் ஓடியது, 2021இல்தான் ஐந்து கைகள் கொண்ட காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது என்பதைக் கவனித்தால், பட்டாவைத் தாழ்வாக நினைக்கத் தேவையில்லை என்பது புரியும். ஹைலக்ஸும் வி-கிராஸும் இன்றும் பட்டாவோடுதான் வருகின்றன.

"சேஸிஸ் அதே சேஸிஸ்தானே?"

சாதாரண ரேஞ்சருக்கும் ரேஞ்சர் ராப்டருக்கும் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், அடிப்படையில் ஒன்றே. ஆனால் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடங்கள் போன்றவை ரேஞ்சர் ராப்டரில் தனியாக வலுவூட்டப்பட்டிருக்கின்றன. குதித்து இறங்கும் வண்டியில் முதலில் கிழியும் இடங்கள் இவையே.

"சரிண்ணே, இது நம்ம ஊர்ல என்ன விலைக்கு வரும்?"

நேராகச் சொன்னால், ராப்டரோ டிஆர்எக்ஸோ இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனையில் இல்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஆகவே நாம் போடுவது ஒரு மதிப்பீடு. அதையும் படிப்படியாகப் போட்டால்தான் பணம் எங்கே போகிறது என்று தெரியும்.

ரேஞ்சர் ராப்டர் 2022இல் ஆஸ்திரேலியாவில் 85,490 டாலருக்கு அறிமுகமானது. ஒரு ஆஸ்திரேலிய டாலருக்கு 55 ரூபாய் என்று வைத்தால் 47 லட்சம். அதில் அந்நாட்டு வரி அடங்கியிருப்பதால், கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து இங்கே துறைமுகத்தில் இறங்கும் மதிப்பு 40 லட்சம் என்று கொள்வோம். சுங்கத்தில் அது காராக வகைப்படுத்தப்பட்டு, மதிப்பு 40,000 அமெரிக்க டாலரைத் தாண்டினால், இறக்குமதி வரிகள் சேர்ந்து 110 சதவீதம். 84 லட்சம் ஆகிறது. 2025 செப்டம்பருக்குப் பிந்தைய விகிதப்படி பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அத்தோடு ஒரு கோடியே 17 லட்சத்து 60 ஆயிரம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம் என்பதால், ஏறத்தாழ ஒரு கோடியே 41 லட்சத்தில் வந்து நிற்கும். முகவர் லாபமும் முதலாண்டு காப்பீடும் இதில் சேரவில்லை. சரக்கு வாகனமாக வகைப்படுத்தினால் கணக்கு மாறும். அதைச் சுங்கத் தரகரிடம் எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

"பர்மாவிலேருந்து தேக்கே கப்பல்ல வந்துச்சு. மலேசியாவில எந்தம்பி ஓட்டுற ராப்டர் வராதா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத மாதமில்லை. மலேசியாவில் ஓடுவது வலப்பக்க ஸ்டீயரிங் வண்டி என்பதால் முதல் தடை நீங்குகிறது. எஃப்-150 ராப்டரும் டிஆர்எக்ஸும் தொழிற்சாலையிலிருந்து இடப்பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே வருவதால், இறக்குமதி விதியின் முதல் வரியிலேயே அவை நின்றுவிடுகின்றன.

ஆனால் தம்பியின் வண்டி ஏற்கெனவே அங்கே பதிவானது. ஆகவே இங்கே அது பழைய வண்டி. பழைய வண்டி மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும், சாலைத் தகுதிச் சான்றுகளும் வேண்டும். புதிதாகவே வாங்கி அனுப்பலாம் என்றால், புதிய வண்டி அது தயாரான நாட்டிலிருந்தே வர வேண்டும் என்பது விதி. மலேசியாவில் விற்கும் ரேஞ்சர் ராப்டர் தாய்லாந்தில் தயாராகிறது. எனவே கோலாலம்பூர் கடையில் வாங்கி அனுப்பும் வழியும் அடைபடுகிறது. எல்லாவற்றையும் கடந்து வந்தாலும், மேலே போட்ட வரிக் கணக்கு நீங்காது. ஒரு ஷாக் அப்சார்பர் போனால் உதிரிபாகம் தருவதற்கும் இங்கே ஆள் இல்லை. தம்பியின் ஆசையை மதிக்கிறேன். ஆனாலும் அந்த வண்டியை அங்கேயே ஓட்டிவிட்டு வரச் சொல்வதே என் வழக்கம்.

"இணையத்தில 'எதிர்பார்க்கப்படும் விலை'ன்னு போடுறாங்களே, அதை நம்பலாமா?"

பெரும்பாலும் வெளிநாட்டு விலையை ரூபாயில் பெருக்கி எழுதியிருப்பார்கள். நான் மேலே ஏற்றிய படிகள் எதுவும் அதில் இருக்காது. வெளிநாட்டு விலையும் தொடக்க விலை மட்டுமே. டிஆர்எக்ஸ் அமெரிக்காவில் 69,995 டாலரில் தொடங்கியது. ஆனால் விருப்பப் பாகங்களும் போக்குவரத்துக் கூலியும் அதற்கு மேல்.

வராத வண்டிக்கும் விலை எழுதுகிறார்கள். மஹிந்திரா 2023 ஆகஸ்ட் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஸ்கார்பியோ-என் அடிப்படையிலான குளோபல் பிக்கப்பைக் காட்டியபோது, அது ஒரு மாதிரி வடிவம். மாதிரிக்கு விலை கிடையாது. நிறுவனம் தானே விலையை அறிவிக்கும் வரை எந்த எண்ணையும் கடன் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

"வி-கிராஸ், ஹைலக்ஸ் வாங்கினா கைக்கு எவ்வளவு வரும்?"

ஹைலக்ஸ் 2022 மார்ச்சில் 33.99 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையில் தொடங்கி, பின்னர் குறைக்கப்பட்டது. இன்று இரண்டு வண்டிகளின் நான்கு சக்கர இயக்க வடிவங்களும் 20 லட்சத்துக்கு மேல்தான். 30 லட்ச ரூபாய் வண்டி சொந்த உபயோகக் காராகப் பதிவானால் ஆயுள் வரி மட்டும் 6 லட்சம். சரக்கு வாகனமாகப் பதிவாகுமா, சொந்த வண்டியாகவா என்பதை முன்பதிவுக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

"அதிலேயே லிஃப்ட் கிட் போட்டு, பெரிய டயர் மாட்டி ராப்டர் ஆக்கிரலாம்ல?"

உயரம் கூடும், ராப்டர் ஆகாது. லிஃப்ட் கிட் என்று விற்கும் பலவும் ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஒரு கட்டைதான். அது சக்கரத்தின் பயண தூரத்தை ஓர் அங்குலம்கூடக் கூட்டாது. முன் ஆக்சில் தண்டைச் சாய்வாக இழுத்து, அதன் ரப்பர் உறையைக் கிழிக்கும். பெரிய டயரின் எடை முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழே சேர்வதால், ஷாக் அப்சார்பர் அடக்க வேண்டிய ஆற்றலும் கூடி, நான் முன்பு சொன்ன வெப்பம் இன்னும் சீக்கிரம் வந்து சேரும். பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

சட்டமும் ஒத்துக்கொள்ளாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியிருக்கிறது. முன்பக்க இரும்புத் தடுப்புக் கம்பிகளுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை விதித்துவிட்டது. விபத்து நேர்ந்தால், மாற்றத்தைச் சொல்லாமல் வைத்திருந்த வண்டிக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். ஆகவே உயரம் மாற்றும் வேலையை என் பட்டறையில் செய்வதில்லை.

"கண்மாய்க்குள்ள இறக்கலாமா?"

ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரிலும், ரேஞ்சர் ராப்டர் 850 மில்லிமீட்டரிலும் போகலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அது அடி கெட்டியான, ஓட்டமில்லாத தண்ணீருக்குச் சொன்ன கணக்கு. நம் கண்மாய்களின் அடியில் இருப்பது வண்டல். மேலே காய்ந்து வெடித்துக் கிடந்தாலும் ஒரு சாண் கீழே குழைந்திருக்கும். இறங்கி, குச்சியால் குத்திப் பார்க்காமல் வண்டியை விடாதீர்கள். குறைந்த கியர் வரிசைக்கு மாற்றி, பின் டிஃபரன்ஷியலை (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) பூட்டி, சீரான வேகத்தில் போக வேண்டும். நடுவில் நிறுத்தினால் மேலும் அமிழும். ரேஞ்சர் ராப்டரில் முன், பின் இரண்டையும் பூட்டலாம்; ஆனால் முன்னதைப் பூட்டினால் ஸ்டீயரிங் திரும்ப மறுக்கும் என்பதால் நேராகப் போகும்போது மட்டுமே அது உதவும்.

தண்ணீரைவிட எனக்குப் பெரிய கவலை சீமைக்கருவேல முள். டயரின் மேற்பரப்பு தாங்கினாலும் பக்கச்சுவர் தாங்காது. மணலில் பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைத்தால் பக்கச்சுவர் பிதுங்கி முள்ளுக்கு முகம் கொடுக்கும். கருவேலங்காட்டு ஓரம் அதைச் செய்ய வேண்டாம். தண்ணீரில் இறங்கி வந்த மறுநாள் டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும்.

"ஆத்தங்குடிக் கல் ஏத்திக்கலாமா? சைட்டுக்கு வேணும்ல."

வேகத்துக்குக் கொடுக்கும் விலைகளில் இதுவும் ஒன்று. பட்டாவைக் கழற்றிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போட்டதால், ஆஸ்திரேலியாவில் சாதாரண ரேஞ்சர் ஏறத்தாழ ஒரு டன் ஏற்றும்போது ராப்டர் 717 கிலோதான் ஏற்றலாம். இழுவைத் திறனும் 3,500 கிலோவிலிருந்து 2,500ஆகக் குறைகிறது. நான்கு பேர் ஏறிய பிறகு கல்லுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். கல் ஏற்றுவதே முக்கிய வேலை என்றால், இதில் பத்தில் ஒரு பங்கு விலையில் கிடைக்கும் லோடு வண்டி அந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யும்.

"டீசலா, பெட்ரோலா, இல்ல கரண்டா?"

தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் ஓடும் பிஎஸ்-6 டீசல் வண்டியில், புகைக்கரி வடிகட்டி போதுமான சூடு ஏறாமல் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது திருச்சி வரை போய்வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதிவேக வகை வண்டிகளின் பெட்ரோல் என்ஜின்கள் தடையின்றி விசை தந்தாலும், குடிக்கும் எரிபொருளுக்கு அளவில்லை.

மின்சாரப் பிக்கப்புகள் உண்மையாகவே வந்துவிட்டன. அமெரிக்காவில் ரிவியன் ஆர்1டி 2021இல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு மோட்டாரோடு வந்தது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நம் காரைக்குடியிலேயே மின்கல ஆராய்ச்சி செய்துவருவதால், இங்கே இந்தக் கேள்வியை ஆர்வத்தோடு கேட்கிறார்கள். ஆனால் பெரிய டயரும் இளகிய மண்ணும் மின்கலத்தை விரைவாகத் தீர்க்கும். கருவேலங்காட்டில் சார்ஜ் ஏற்ற வழியில்லை.

"பழைய வி-கிராஸ் ஒண்ணு விலைக்கு வருது. எதைப் பார்க்கணும்?"

பெயின்டைப் பார்க்க வேண்டாம். பாய் ஒன்றை விரித்து, டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளுங்கள். சேஸிஸின் உட்புறத்தைப் பாருங்கள். தொண்டி, மீமிசல் பக்கம் உப்புக்காற்றில் ஓடிய வண்டியானால் இரும்பு ஏடு ஏடாக உரிந்து நிற்கும். சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாகச் சத்தம் போடும். பட்டா தகடுகளின் நடுப்போல்ட் அருகே கீறல் உண்டா, முன் ஆக்சில் ரப்பர் உறைகளில் கிரீஸ் தெறித்திருக்கிறதா, ஷாக் அப்சார்பர் தண்டில் மண் ஒட்டிய ஈரம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பாருங்கள்.

பிறகு வண்டியை நான்கு சக்கர இயக்கத்தில் போட்டு, மண் தரையில் வட்டமடிக்கச் சொல்லுங்கள். முன்பக்கத்திலிருந்து 'கட கட' என்ற சத்தம் வந்தால், அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேசுங்கள். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.